பாசத்தை நம்பி நாற்பது ஆண்டுகள்

தருமபுரி மாவட்டத்தில் உள்ள இலங்கைத் தமிழர் முகாம்களைச் சொல்லப் புகுந்தால் அணைகளின் பெயர்கள்தான் வரிசையாக வரும்: நாகாவதி அணை, தும்பலஹள்ளி அணை, சின்னாறு அணை, கேசர்குளி அணை. ஊருக்கு ஒதுக்குப்புறமாக, அணைக்கரை ஓரமாக, பேருந்து நின்று போகும் இடத்திலிருந்து தள்ளி. நல்லம்பள்ளிச் சந்தைக்கு வருகிறவர்களில் யார் முகாம்காரர், யார் உள்ளூர்க்காரர் என்று பேச்சை வைத்துக்கூட இன்று எளிதில் பிரித்துவிட முடியாது. முகாமில் பிறந்து வளர்ந்த தலைமுறை தருமபுரித் தமிழ்தான் பேசுகிறது. முப்பது வயதுக்காரர் ஒருவரின் கையில் தமிழக அரசு தந்த பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் இருக்கிறது, ஆதார் அட்டையும் இருக்கிறது. விண்ணப்பப் படிவத்தில் 'நாட்டுரிமை' என்ற கட்டம் வரும்போதுதான் பேனா நிற்கிறது. அவர் ஒருமுறைகூடப் பார்த்திராத இலங்கையை எழுதுவதா, பிறந்து வளர்ந்தும் தன்னை ஏற்காத இந்தியாவை எழுதுவதா? இந்தக் கட்டம் இத்தனை ஆண்டுகளாகக் காலியாகக் கிடப்பதற்கு டெல்லியின் அலட்சியம் ஒரு காரணம். இன்னொரு காரணம் நம்மிடமே இருக்கிறது. இவர்களுக்காக நாம் பேசும்போதெல்லாம் உறவைச் சொல்லியே பேசினோம். சட்டத்தைச் சொல்லிப் பேசியது குறைவு.

தமிழகம் செய்ததைக் குறைத்துச் சொல்ல முடியாது. 1983 ஜூலைக் கலவரத்தில் தொடங்கி 2012 வரை நான்கு அலைகளாக 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்து வந்ததாக மத்திய உள்துறை அமைச்சகத்தின் கணக்கு சொல்கிறது. போனவர்கள் போக, இன்று நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேரும், காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு முகாமுக்கு வெளியே வசிப்பவர்களாகச் சுமார் 34,000 பேரும் இருக்கிறார்கள். ரேஷன் அரிசி, மாதாந்தரப் பணக்கொடை, அரசுப் பள்ளி, அரசு மருத்துவமனை எல்லாம் கிடைக்கின்றன. 2021 ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டப்பேரவையில் 317 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அறிவித்தார். பத்துக்குப் பத்து அறைகளில் மூன்று தலைமுறைகள் நெருக்கியடித்துக் கிடந்த இடங்களில் 7,469 புதிய வீடுகள் கட்டுவது அதில் அடக்கம். குடும்பத் தலைவருக்கான பணக்கொடை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. முகாம்களின் பெயரும் 'மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. இவை நல்ல காரியங்கள். ஆனால் இவற்றில் எதுவும் உரிமை இல்லை. எல்லாம் அரசாணைகள். அரசாணையைப் பிறப்பித்தவரே நாளை இன்னொரு அரசாணையால் அதை ரத்தும் செய்யலாம்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை, ஒருமுறை நடந்தது. எண்பதுகளில் இவர்களைத் தமிழகம் தலையில் வைத்துக் கொண்டாடியது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் கல்லூரிகளில் இடம் கொடுத்தார்கள், வீட்டு வாசலில் வந்து நின்றவருக்கு வாடகை வாங்காமல் திண்ணை கொடுத்த ஊர்கள் உண்டு. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். கொலைக்கும் முகாமில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்த குடும்பங்களுக்கும் என்ன தொடர்பு என்று யாரும் நின்று யோசிக்கவில்லை. கல்லூரிச் சலுகைகள் நின்றன. தன்னார்வ அமைப்புகள் முகாமுக்குள் போவதற்குத் தடை வந்தது. 1992 தொடக்கத்திலிருந்து ஆட்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பும் வேலை வேகம் பிடித்தது. கையெழுத்து வாங்கிய படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதே பலருக்குப் புரியவில்லை என்ற புகார் எழுந்தது. பழ. நெடுமாறன் உள்ளிட்டோர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஐ.நா. அகதிகள் ஆணையம் சென்னையில் அலுவலகம் திறந்து, போகிறவர்கள் மனமொப்பித்தான் போகிறார்களா என்று விசாரிக்க இந்திய அரசு அனுமதித்தது அதே ஆண்டில்தான். தொப்புள்கொடி உறவு என்று எட்டு ஆண்டு பேசிய மண்ணில், அந்தக் கொடி ஒரே மாதத்தில் அறுந்தது. அந்த நேரத்தில் இவர்களுக்குக் கை கொடுத்த ஒன்றே ஒன்று நீதிமன்றப் படி. அங்கேயும் பிடித்துக்கொள்ள ஒரு சட்டம் இல்லாமல், உயிர் வாழும் உரிமையைச் சொல்லும் அரசமைப்பின் 21ஆம் பிரிவை மட்டும் நம்பித்தான் நிற்க வேண்டியிருந்தது.

அகதிக்கு என்ன உரிமை, அடைக்கலம் தந்த நாட்டுக்கு என்ன கடமை என்பதை உலகம் 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் எழுதி வைத்திருக்கிறது. உயிருக்கு ஆபத்து உள்ள இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது அதன் உயிர்நாடி. அனுமதியின்றி எல்லை தாண்டியதற்காக மட்டும் தண்டிக்கக் கூடாது, வேலை செய்ய விட வேண்டும், பயண ஆவணம் தர வேண்டும் என்று அது நீள்கிறது. 34ஆவது உறுப்பு, அகதிகள் குடியுரிமை பெறுவதை முடிந்த அளவு எளிதாக்க வேண்டும் என்று கேட்கிறது. அகதிக்கும் கடமை உண்டு, வந்த நாட்டின் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்று இரண்டாவது உறுப்பு சொல்கிறது. இந்தியா இதில் கையெழுத்திடவில்லை. உள்நாட்டிலும் அகதிகளுக்கென்று ஒரு சட்டம் இல்லை. நீதிபதி பி.என். பகவதி தலைமையிலான குழு தொண்ணூறுகளில் ஒரு மாதிரிச் சட்டத்தைத் தயாரித்துக் கொடுத்தது, சசி தரூர் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்து பார்த்தார், எதுவும் நகரவில்லை. கையெழுத்திடாத நாட்டுக்குக் கடமை ஏது என்று கேட்பவர்கள் உண்டு. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் இந்தியா 1992இல் சேர்ந்தது. பிறந்த குழந்தைக்கு ஒரு நாட்டுரிமை பெறும் உரிமை உண்டு என்று அதன் ஏழாவது உறுப்பு சொல்கிறது. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையில் 1979இலேயே சேர்ந்துவிட்டோம், அதிலும் இதே உறுதி உண்டு. இவை நாமே விரும்பிப் போட்ட கையெழுத்துகள்.

உள்நாட்டுச் சட்டம் முகாம் குடும்பங்களை எப்படிக் கூறுபோடுகிறது என்று பார்த்தால்தான் பிரச்சினையின் ஆழம் தெரியும். குடியுரிமைச் சட்டத்தின்படி 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்த எவரும், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் இந்த விதியைக் காட்டித்தான் மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குப் போய் 2022இல் பாஸ்போர்ட் பெறுவதற்கான உத்தரவை வாங்கினார். 2024 மக்களவைத் தேர்தலில் திருச்சி கொட்டப்பட்டு முகாமிலிருந்து போய் வாக்கும் போட்டார். அவருக்கு ஒரு தம்பி 1988இல் பிறந்திருந்தால் அந்தத் தம்பிக்கு இந்த வழி கிடையாது. பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்திருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3க்குப் பிறகு பிறந்த குழந்தைக்கு நிலைமை இன்னும் மோசம். பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தாலும் போதாது, மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கக் கூடாது. 1990இல் கைக்குழந்தையாகத் தாயின் இடுப்பில் படகில் வந்த ஒருவரை நல்லம்பள்ளிப் பெண் ஒருத்தி மணம் செய்துகொள்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். தாய் இந்த மண்ணின் வாக்காளர். தாத்தாவுக்கு இங்கே மானாவாரி நிலம் இருக்கிறது. தகப்பன் குழந்தையாக இருந்தபோது கடவுச்சீட்டில்லாமல் வந்தார் என்பதற்காக, அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளை பிறப்பால் இந்தியன் ஆக முடியாது. கல்யாணத்தைக் காட்டித் தகப்பன் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவும் வழியில்லை, அந்தக் கதவையும் இதே இரண்டு சொற்கள் அடைத்திருக்கின்றன. எத்தனை ஆண்டு வாழ்ந்திருந்தாலும் சட்டவிரோதக் குடியேறி விண்ணப்பிக்கவே முடியாது. ஆனால் அந்தச் சட்டப் பிரிவு செல்லத்தக்க ஆவணமின்றி இந்தியாவுக்குள் நுழைந்தவரையோ, நுழைந்து அனுமதிக் காலத்துக்கு மேல் தங்கியவரையோ பற்றித்தான் பேசுகிறது. நாகாவதி அணை முகாமிலோ தருமபுரி அரசு மருத்துவமனையிலோ பிறந்தவர் எங்கிருந்து நுழைந்தார் என்ற கேள்விக்கு எந்த அதிகாரியிடமும் பதில் கிடையாது.

இந்தத் தகுதியின்மை அன்றாடத்தில் எப்படி இறங்குகிறது என்று பாருங்கள். மாதந்தோறும் வருவாய்த் துறையினர் முகாமில் பெயர் வாசித்துத் தணிக்கை செய்வார்கள். அன்றைக்கு ஆள் இல்லாவிட்டால் பணக்கொடை நிற்கும். முகாம் ஆண்களில் பெரும்பாலோர் பெயிண்டர்கள். கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ சாரம் கட்டி ஏறி நிற்கிறவர் கூலியை விட்டுவிட்டுத் தணிக்கைக்கு ஓடி வர வேண்டும். பொறியியல் பட்டம் வாங்கிய மகனும் பல வீடுகளில் அப்பாவோடு பெயிண்ட் வாளியைத்தான் தூக்குகிறான். அரசு வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் குடியுரிமை கேட்பார்கள். சேர்த்து வைத்த பணத்தில் ஒரு சென்ட் மனை வாங்கலாமென்றால் இலங்கைக் குடிமக்கள் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் இந்தியாவில் அசையாச் சொத்து வாங்க முடியாது. பக்கத்து ஊர்க்காரர் பெயரில் வாங்கிவிட்டு, அவர் மனசு மாறாமல் இருக்க வேண்டும் என்று சாமி கும்பிட வேண்டியதுதான். உழைக்கும் கையைக் கட்டிப்போட்டுவிட்டு மாதம் 1,500 ரூபாய் கொடுப்பதைக் கருணை என்று எத்தனை நாள் சொல்லிக்கொள்வது?

குடியுரிமை மத்தியப் பட்டியலில் உள்ள விஷயம் என்பதால் மாநிலத்தால் இதற்கு மேல் போக முடியாது. டெல்லி என்ன செய்தது? 2025 செப்டம்பரில் புதிய குடிவரவு, வெளிநாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது வெளியான விலக்களிப்பு ஆணையில் ஒரு வரி இவர்களுக்கும் கிடைத்தது. 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து பதிந்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, கடவுச்சீட்டும் விசாவும் இல்லாததற்கான தண்டனைகளிலிருந்து விலக்கு. இது முன்னேற்றம்தான். ஆனால் ஜெயிலுக்கு அனுப்ப மாட்டோம் என்பதற்கும் குடிமகனாக ஏற்கிறோம் என்பதற்கும் இடையே நீண்ட தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தைக் கடக்கும் பாதையையும் இதே அரசு இன்னொருவருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறது. பாகிஸ்தான், வங்கதேசச் சிறுபான்மையினருக்கு 2015இல் இப்படித்தான் முதலில் தண்டனை விலக்கு வந்தது. 2019இல் குடியுரிமைச் சட்டத்தையே திருத்தி, ஆப்கானிஸ்தானையும் சேர்த்து, அந்த மூன்று நாடுகளின் ஆறு மதத்தவர் சட்டவிரோதக் குடியேறிகள் அல்ல என்று அறிவித்தார்கள். 11 ஆண்டு வசிப்பு என்ற நிபந்தனை அவர்களுக்கு 5 ஆண்டாகக் குறைந்தது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. முகாம்களில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள், கிறிஸ்தவர்கள்தானே, சேர்த்திருக்கலாமே என்று தமிழகத்தில் பலரும் கேட்டார்கள். அந்த வாதம் ஆபத்தானது. மதத்தைச் சொல்லி உள்ளே போனால், அதே படகில் வந்த முஸ்லிம் குடும்பத்தை வாசலில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருக்கும். உறவு வாதத்தின் இன்னொரு உருவம்தான் இதுவும்.

மலையகத் தமிழர் விஷயத்தில் இந்தியாவின் பொறுப்பு இன்னும் நேரடியானது. முகாம்களில் கணிசமானோர், பிரிட்டிஷார் காலத்தில் தமிழகத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள். 1948இல் இலங்கை இவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக எழுத்தில் உறுதி கொடுத்தது. 1974 ஒப்பந்தத்தில் மேலும் 75,000 பேரை. கப்பல் போக்குவரத்து நின்ற பிறகு, கலவரத்துக்குத் தப்பிப் படகில் வந்துசேர்ந்தவர்கள் அதே ஆட்கள்தான். வந்த வழி வேறு என்பதால் அந்நியர் ஆனார்கள். 2019இல் மதுரைக் கிளையின் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் இப்படிப்பட்ட 65 பேரின் வழக்கில், இவர்களின் குடியுரிமை விண்ணப்பங்களை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். ஆறு தசாப்தங்களுக்கு முன் ஒப்புக்கொண்ட கணக்கு இன்னும் நேராகவில்லை.

எதிர்வாதங்களில் கனமானது இடமும் வளமும் பற்றியது. 2025 மே மாதம் இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்ற அமர்வு ஒன்று, உலகெங்கும் உள்ள அகதிகளை வைத்துப் பராமரிக்க இந்தியா சத்திரமா என்று கேட்டது. 140 கோடி மக்களோடு திணறும் நாடு என்று நீதிபதிகள் சொன்னதில் உண்மை இருக்கிறது. அதைத் தருமபுரியில் இருந்துகொண்டு மறுப்பது கடினம். மழை பொய்த்தால் குடும்பத்தோடு பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலை தேடிப் போகிறவர்கள் நிறைந்த மாவட்டம் இது. எங்களுக்கே இல்லை, அவர்களுக்கு எதற்கு என்ற முணுமுணுப்பைப் பொறாமை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் கணக்கைச் சரியாகப் போட வேண்டும். சத்திரத்தில் ஆட்கள் சில நாள் தங்குவார்கள். அங்கேயே பிறந்து, கல்யாணம் முடித்து, பேரன் எடுப்பதில்லை. இங்கே கேட்பது புதிதாக யாரையும் உள்ளே விடச் சொல்லி அல்ல. ஏற்கெனவே இங்கே இருக்கிற, சுமார் 92,000 பேருடைய நிலையைத் தீர்க்கச் சொல்லி. 140 கோடியில் அது பத்தாயிரத்தில் ஒருவரைவிடக் குறைவு. முகாமைக் காலவரையின்றி நடத்தத்தான் செலவு. பணக்கொடை, தணிக்கை, காவல் துறையின் கியூ பிரிவுக் கண்காணிப்பு எல்லாம் வரிப்பணத்தில்தான் நடக்கின்றன. குடியுரிமை பெற்றவர் சொந்தப் பெயரில் கடன் வாங்கித் தொழில் செய்வார், முகாம் பதிவேட்டிலிருந்து தன் பெயரைத் தானே எடுத்துக்கொள்வார். நம் ஏழைகளோடு அவர் போட்டிக்கு வருவார் என்றால், இப்போதும் போட்டியில்தான் இருக்கிறார். கூலியைப் பேரம் பேச முடியாதவராக, கொடுத்ததை வாங்கிக்கொள்கிறவராக. அப்படி ஒருவர் சந்தையில் இருக்கும் வரை உள்ளூர்ப் பெயிண்டரின் கூலியும் ஏறாது.

பாதுகாப்பு பற்றிய அச்சத்தை 1991க்குப் பிறகு லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. எனினும் அச்சத்துக்கு மருந்து ஆளைப் பார்த்து விசாரிப்பதுதான்; கைரேகையோடு பதிவுசெய்து, மாதந்தோறும் பெயர் வாசித்து, நாற்பது ஆண்டு கண்காணித்த பிறகும் ஒரு சமூகம் முழுவதையும் சந்தேகப் பட்டியலில் வைத்திருப்பது எந்தப் பாதுகாப்பையும் கூட்டுவதில்லை. குற்றப் பின்னணி உள்ளவரின் விண்ணப்பத்தை மறுக்க இப்போதுள்ள சட்டமே போதும்.

கவனமாகப் பதில் சொல்ல வேண்டிய எதிர்வாதம் தமிழ்த் தேசியத் தரப்பிலிருந்து வருகிறது. எல்லோருக்கும் இந்தியக் குடியுரிமை கொடுத்துவிட்டால் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் அவர்களின் நிலமும் வாக்கும் போய்விடாதா, கொழும்பு விரும்புவதும் அதுதானே என்கிறார்கள். இந்தக் கவலை நியாயமானது. ஈழத் தமிழர் தலைவர் செல்வநாயகத்தின் மகன் சந்திரகாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம் குழந்தைகளுக்கு இலங்கைப் பிறப்புப் பதிவும் குடியுரிமைச் சான்றும் வாங்கித் தரப் பல்லாண்டு பாடுபட்டதும் திரும்பிப் போகும் வழி அடைபடக் கூடாது என்பதற்காகத்தான். ஆனால் ஒரு சமூகத்தின் அரசியல் எண்ணிக்கைக்காகத் தும்பலஹள்ளியில் பிறந்த ஒரு பெண் தன் வாழ்நாளைக் காத்திருப்பில் கழிக்க வேண்டும் என்று சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை. போவதா, இருப்பதா என்பதை அவரவர் முடிவு செய்ய வேண்டும். போகும் வழியும் இன்று சீராக இல்லை. 2025இல் ஐ.நா. ஆணையத்தின் உதவியோடு விரும்பித் திரும்பிய ஒரு முதியவரைப் பலாலி விமான நிலையத்தில், பல ஆண்டுகளுக்கு முன் ஆவணமின்றி நாட்டை விட்டுப் போனதற்காகக் கைது செய்தார்கள். உயிர் தப்ப ஓடியது குற்றம் என்றால் யார் திரும்புவார்கள்? கொழும்போடு பேசி அந்த வழக்குகளை ஒழிப்பதும் இந்தியாவின் கடமைப் பட்டியலில் வரும்.

இதெல்லாம் பணக்கார நாடுகளுக்கான ஆடம்பரம் என்று நினைக்க வேண்டியதில்லை. உலக அகதிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினரை ஏழை, நடுத்தர வருவாய் நாடுகள்தான் தாங்குகின்றன. 1972இல் புருண்டியிலிருந்து ஓடிவந்தவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்குமாக 1,62,000 பேருக்கு 2014இல் தான்சானியா குடியுரிமை கொடுத்தது. நம்மைவிட ஏழை நாடு அது. நம் நாட்டிலேயே திபெத்தியர்களுக்கு 1960களில் கர்நாடகத்தின் பைலகுப்பேயில் நிலம் ஒதுக்கினார்கள். வெளிநாடு போக அடையாளச் சான்று கொடுத்தார்கள். 2014இல் மறுவாழ்வுக் கொள்கை ஒன்றையும் வகுத்தார்கள். ஆக, இந்திய அரசுக்கு வழி தெரியாமல் இல்லை. யாருக்கு எது என்பது அந்தந்த நேரத்து வெளியுறவுக் கணக்கைப் பொறுத்துப் போகிறது. சட்டம் இருந்தால் அந்தக் கணக்கு சுருங்கும். சட்டத்தைக் கேட்பவர்களுக்கு ஒரு சங்கடமும் உண்டு. சென்னைக்கு அருகே கேளம்பாக்கத்தில் சில குடும்பங்களாக வாழும் ரோஹிங்கியாக்களுக்கும் அதே சட்டம் பொருந்தும். நம்மவருக்கு மட்டும் சட்டம், மற்றவருக்குப் போலீஸ் வேன் என்று கேட்டால், டெல்லி நம்மிடம் இத்தனை காலம் சொன்னதையே நாமும் திருப்பிச் சொல்கிறோம்.

முதலில் செய்ய வேண்டியது சிறியது. 2015 ஜனவரி 9 என்ற தேதியை மத்திய அரசே வகுத்துக்கொண்டது. அந்தத் தேதிக்கு முன் வந்து பதிந்தவர்களும் அவர்களுக்கு இங்கே பிறந்தவர்களும் சட்டவிரோதக் குடியேறிகள் அல்ல என்று குடியுரிமைச் சட்டத்தின் இரண்டாவது பிரிவில் ஒரு விதிவிலக்கைச் சேர்த்தால், விண்ணப்பிக்கும் கதவு திறக்கும். மதத்தைக் குறிப்பிட வேண்டியதில்லை, தமிழர் என்பதையும் குறிப்பிட வேண்டியதில்லை. பதிவு என்ற ஒரே அளவுகோல் போதும். திறந்த கதவுக்குள் வருவதும், இலங்கைக்கே திரும்புவதும் விண்ணப்பிக்கிறவர் விருப்பம். யார் எப்போது வந்தார், யாருக்கு யார் பிறந்தார் என்பதற்கான ஆதாரம் எதையும் புதிதாகத் தேட வேண்டாம். நாற்பது ஆண்டு மாதாந்தரத் தணிக்கையின் பதிவேடுகள் வருவாய்த் துறையிடம் பத்திரமாக இருக்கின்றன.